பதினாறு வெள்ளிக்கிழமைகள்

இன்று காலை சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வந்த பெண், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். தேய்த்த கையோடு ஊசியைக் குத்தினாள். ஈரம் காயட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எரிந்தது. "வலிச்சுதா அங்கிள்?" என்றாள். "இல்லைம்மா" என்றேன். அவள் போன பிறகும் அந்த வாசனை அறையில் வெகுநேரம் நின்றது. தங்கச்சி, நீ இருந்திருந்தால் அவளைச் சும்மா அனுப்பியிருக்க மாட்டாய். "ஸ்பிரிட் காயறதுக்குள்ள குத்தினா எரியும்னு யாரும் சொல்லித் தரலையாம்மா உனக்கு?" என்று கேட்டிருப்பாய். அடுத்த வீட்டில் அவள் காயவிட்டுக் குத்தியிருப்பாள். என் மௌனத்தால் இன்று கிழக்குத் தாம்பரத்தில் எத்தனை கைகள் எரிந்தனவோ.

எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் மட்டும் பல் முளைக்கும். நீ போன பிறகு மூன்று முறை உனக்கு எழுதத் தொடங்கினேன். மூன்று முறையும் முதல் பக்கத்திலேயே அத்தானைத் திட்ட ஆரம்பித்து, இது மடலா புகார் மனுவா என்று சந்தேகம் வந்து கிழித்துப் போட்டேன். இந்த முறையும் அவரைத் திட்டத்தான் போகிறேன். ஆனால் கிழிக்கப் போவதில்லை. திட்ட வேண்டிய இன்னொரு ஆளும் இதில் இருக்கிறான். அவனையும் சொல்லி முடித்துவிட வேண்டும்.

உனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. உன் அண்ணி காலமான பிறகு நீயும் நானுமாக அந்த வீட்டில் இருந்தோம். ஒரு மாலை நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தாய். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் நீயே அதைத் தெரிந்துகொண்டாய். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு கால் வெறுங்காலாகவே வந்திருக்கிறாய், தார்ச்சாலையின் சூடு உறைக்கவில்லை. அடுத்த வாரம் கரும்பலகையில் நீ எழுதிய சமன்பாடு உனக்கே இரண்டாகத் தெரிந்தது.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நம்மை அலைக்கழித்த மேதைகளை நினைத்துப் பார்க்கிறேன். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். எலும்பு மருத்துவர் இடுப்புக்குப் பட்டை கட்டினார். பொது மருத்துவர் ஒருவர், "கல்யாணம் ஆகலை இல்லையா, அதான்" என்று சொல்லிச் சத்து ஊசி எழுதிக் கொடுத்தார். எதிர் வீட்டு அம்மாள் நீ தள்ளாடி நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தாள் என்பதை நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவள்தான் நமக்குச் சொன்னாள். நீ சிரித்தாய். "நான் குடிக்கிறேன்னு சொன்னாங்களா? எந்தக் கடைன்னு சொன்னாங்களா?" என்றாய். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்த அம்மாளுக்கு நான் மறுநாளும் வணக்கம் சொன்னேன்.

கடைசியில் நகரத்தில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கொளியில் மாட்டி, வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவலே நரம்பின் மேலுறையைக் கடித்துத் தின்கிற நோய். "இது போகாது. அட்டாக் வர்றதைக் குறைக்கலாம். வந்துட்டா மூணு நாளோ அஞ்சு நாளோ ஸ்டீராய்டு டிரிப். வராம இருக்க வாரா வாரம் இந்த ஊசி." இவ்வளவையும் அவர் நம்மை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். அறிவாளிதான். அறிவு முழுவதும் படத்தில் இருந்தது. எதிரே இருந்த ஆளுக்கு மிச்சமில்லை.

நீ கேட்டது ஒரே கேள்வி. "மாடி ஏற முடியுமா சார்?"

உன் பன்னிரண்டாம் வகுப்பு முதல் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. பெரிய சுகம் எதுவும் உனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தப் படிகளை ஏறும் கால், எண்களை இரண்டாகக் காட்டாத கண், அவ்வளவுதான். தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க சுவரைப் பிடிச்சிக்கிட்டு வர்றதைப் பேரண்ட்ஸ் பாக்கறாங்க" என்றார். "சுவர் ஏதாவது கம்ப்ளெயின்ட் குடுத்துதா மேடம்?" என்று நீ கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. மாடி ஏற முடியாத நாளில் உன்னை நூலகத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். புத்தகங்களுக்குத் தூசி தட்டுகிற வேலை. அந்தப் பெண்மணி பதினைந்து வருடம் உன்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காட்டிப் பள்ளிக்குப் பெயர் வாங்கியவர்.

ஆகவே ஊசி. வெள்ளிக்கிழமை மாலை என்று நாம் முடிவு செய்தோம். ஊசி போட்ட ஆறேழு மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்; சனிக்கிழமை படுத்துக் கிடந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகலாம். அரை மணி முன்னதாகப் பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும், மருந்து அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று. அப்போதே காய்ச்சல் மாத்திரை ஒன்று. பிறகு ஸ்பிரிட், காயும்வரை காத்திருத்தல், ஒரு வாரம் இடது தொடை, மறுவாரம் வலது. செவிலி ஒருத்தி இரண்டு வாரம் வந்து காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது வாரம் என் கை நடுங்கியது. "அண்ணா, நீ நடுங்கு, பரவாயில்லை. ஊசி நடுங்காம பாத்துக்கோ" என்றாய்.

மருந்து நகரத்தில் ஒரு விநியோகஸ்தரிடம் மட்டும்தான் கிடைத்தது. மாதம் ஒரு முறை தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டியோடு வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துத் தாம்பரம் வரை கொண்டுவருவேன். ஒரு முறை எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இன்னா சார், மீனா?" என்றாள். மருந்து என்றேன். "மருந்துக்கு ஐஸா? எங்க மீனுக்கே இம்மாம் ஐஸ் போடமாட்டோம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு தன் கூடையிலிருந்து ஒரு பிடி பனிக்கட்டியை அள்ளி, "இந்தா, வச்சுக்க, வூடு போய்ச் சேர வாணாமா" என்று கொடுத்தாள். அந்த ஆண்டுகளில் உன் சிகிச்சைக்கு உருப்படியான யோசனை சொன்ன வெளியாள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கெல்லாம் தலைவர் அத்தான். நம் அக்காவைக் கட்டியதால் நமக்கு அத்தான். அவரைப் பொறுத்தவரை ஊருக்கே அத்தான். அரசுத்துறை ஒன்றில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, கேளம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் கோப்புகளைத் திருப்பி அனுப்பிப் பழகியவர். ஓய்வுக்குப் பின் நோய்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காரில் வந்துவிடுவார். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய வைத்தியம். செம்புக் காப்பு. முளைகட்டிய ஏதோ ஒரு தானியம். வெறும் வயிற்றில் குடிக்க ஒரு பச்சைச் சாறு.

ஒரு மே மாதம் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். உடம்பு முழுக்கத் தேய்த்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டுமாம், நரம்பு இளகுமாம். "மச்சான், தண்ணி நல்லா கொதிக்கணும், நீ பாட்டுக்கு வெதுவெதுப்பா வைக்காதே" என்று என்னிடம் உத்தரவு. நான் கொதிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துக் குளியலறைக்குள்ளிருந்து, அவரோடு வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டாய். இரண்டு காலும் துணியாகத் துவண்டிருந்தன. கண் மங்கிவிட்டது. அக்காவும் நானும் உன்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டு மின்விசிறியைப் போட்டோம். அத்தான் நெற்றியைச் சுருக்கி, "விஷம் வெளிய வருது" என்றார். உடம்பு ஆறியதும் ஒரு மணி நேரத்தில் பார்வை திரும்பியது, கால் திரும்பியது. நீ எழுந்து உட்கார்ந்தாய்.

"அத்தான், மனை வாங்கினப்போ பத்திரத்தை யார்கிட்ட காட்டினீங்க?"

"வக்கீல்கிட்ட."

"எண்ணெய் வைத்தியர்கிட்ட காட்டியிருக்கலாமே."

வெப்பம் இந்த நோயின் பழைய காயங்களையெல்லாம் கிளறிக்காட்டும், ஆறினால் அடங்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அதை அத்தானிடம் நான் சொல்லவில்லை. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது, பதினோரு மணிக்கு மேல் வெயிலில் இறங்காதது என்று நீயும் நானும் நமக்குள் திட்டம் போட்டுக்கொண்டோம். அவர் வரும் ஞாயிறுகளில் எண்ணெய்க் குப்பியை மேஜைமேல் எடுத்து வைத்தேன், அவர் மனம் நோகக்கூடாது என்று. என் மரியாதையின் இலட்சணம் அது.

இனி நான் என்னைப் பற்றி எழுத வேண்டும்.

அடுத்த கோடையில் மின்வெட்டு கடுமையானது. நமது குளிர்பதனப் பெட்டி பழையது. உள்ளே மேலே உறைபெட்டி, அதன் கீழே ஒரு தட்டு, பிறகு மற்ற தட்டுகள். மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்ததைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். மின்சாரம் போகும்போது சூடேறிவிடுமே என்று பயந்தேன். எனவே குமிழை முழுவதும் திருப்பி உச்சக் குளிரில் வைத்தேன். மருந்துப் பெட்டிகளை உறைபெட்டிக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டித் தள்ளினேன். கல்லூரியிலிருந்து ஓய்வு பெறும்போது கொண்டுவந்த தெர்மாமீட்டரைக் கதவின் உள்பக்கம் கட்டித் தொங்கவிட்டேன், கதவைத் திறந்ததும் சட்டென்று படிக்க வசதியாக. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. ஆறு டிகிரி, ஏழு, ஆறு, ஏழு. நோட்டில் ஒரு நாள்கூட விடாமல் எழுதினேன். எனக்கு அதில் பெருமை வேறு. அத்தானை மனதுக்குள் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? அளக்கத் தெரியாத மனிதர், அளவு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் என்று.

முப்பத்திரண்டு வருடம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செய்முறை விளக்குநராக இருந்தவன் நான். வாலைவடிக்கும் குடுவையில் தெர்மாமீட்டரின் குமிழ் பக்கக் குழாய்க்கு நேராக இருக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டுமோ அங்கேதான் அளக்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன். அப்படிப்பட்டவன் கதவில் அளந்தேன். மருந்து சுவரோரம் இருந்தது.

ஜூனில் உன் வலது கண் மங்கியது. டிரிப் ஏற்றினோம், பெரும்பாலும் சரியானது. செப்டம்பரில் வலது கால் போயிற்று. ஐந்து நாள் டிரிப். கால் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. பாதம் தரையில் உரசிக்கொண்டே வந்தது. கைத்தடி வாங்கினோம். முன்பு ஒரு நிமிடத்தில் ஏறிய படிகளுக்கு இப்போது எட்டு நிமிடம் ஆனது. முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய் ஏறத் தொடங்கினாய், பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று.

அத்தானுக்குத் திருவிழா. "நான் அன்னிக்கே சொன்னேன். ஊசி ஊசின்னு உடம்பை ஓட்டை போட்டீங்க. என்ன கண்டீங்க?" என்றார்.  அன்று மாலை, "அண்ணா, அவர் சொல்றது சரியா இருந்துடுமோ?" என்று மெதுவாகக் கேட்டாய். நோட்டைப் புரட்டி உனக்குக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது பார் என்றேன். ஆறு, ஏழு, ஆறு, ஏழு.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை உன் பள்ளியில் ஆண்டு விழா. சீக்கிரம் போட்டுவிடு, திரும்பி வந்து படுத்துக்கொள்கிறேன் என்றாய். வழக்கமான அரை மணி நேரம் காத்திராமல், பெட்டியை எடுத்த உடனே பிரித்தேன். மருந்து அடைத்து வரும் அந்தச் சின்ன சிரிஞ்சு என் விரல்களுக்கு இடையே கண்ணாடிக் குச்சிபோல் இருந்தது. சாய்த்தேன். உள்ளே எதுவும் நகரவில்லை. மருந்து பனிக்கட்டியாக உறைந்திருந்தது. வழக்கம்போல் மேஜைமேல் வைத்திருந்தால், தாம்பரத்து வெக்கையில் பத்தே நிமிடத்தில் தெளிந்த நீராக உருகியிருக்கும். நானும் போட்டிருப்பேன். அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் நீ புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, "ஆச்சா?" என்றாய். "இந்த வாரம் வேண்டாம். டாக்டரைக் கேட்டுட்டுப் போடலாம்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

நீ போனதும் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரிக்கு அடுத்த வரி: உறைய விடக்கூடாது, உறைந்தால் பயன்படுத்தக்கூடாது. அந்த வரியையும் நான் முன்பே படித்திருக்கிறேன். ஏதோ குளிர்நாட்டுக்காரனுக்கு எழுதியது என்று கடந்து போயிருக்கிறேன். சென்னையின் கோடையில் உறைந்து போவதைப் பற்றி எவன் கவலைப்படுவான்? வெயிலை மட்டுமே எதிரியாக நினைத்த முட்டாள் நான். குமிழைத் திருப்பிய நாளை நோட்டில் பார்த்தேன். நல்லவேளை, அதையும் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து எண்ணினேன். பதினாறு வெள்ளிக்கிழமைகள். பதினாறு முறை உன் தொடையில் செத்த மருந்தை ஏற்றி, காய்ச்சல் முன்பு போல் வருவதில்லை, உடம்பு பழகிவிட்டது, நல்லதுதான் என்று உன்னிடம் சந்தோஷமாக வேறு சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை ஆறு நாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் மறுபடி எழுதினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. முதலில் மருத்துவரிடம் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு முறை என்ற சொல் எவ்வளவு உபயோகம் பார்.

அன்று அத்தானும் கூட வந்தார். உள்ளே போனதும் உன் நாற்காலிக்கு முன்னால் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர், சுருக்கமா சொல்றேன். இந்த ஊசியால எந்தப் பிரயோஜனமும் இல்லை."

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். "நாலு மாசத்துல ரெண்டு அட்டாக். ஆமா, ஊசி ஃபெயிலியர்தான். மாத்திடலாம்." வேறொரு மருந்தைச் சொன்னார். புற்றுநோய்க்குக் கொடுப்பது, நீல நிறமாக இருக்கும், இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் சோதித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். "இன்னிக்கே ஹார்ட் எக்கோ எடுத்துடுங்க" என்று சீட்டைக் கிழித்தார். என் கை சட்டைப்பைக்குப் போனது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கை இறங்கிவிட்டது. அந்த அறையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் எழுந்து மருத்துவருக்கு வணக்கம் சொன்னேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தான் எக்கோ எடுக்கும் இடத்தை விசாரிக்கப் போயிருந்தார்.

"எத்தனை தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பாப்பே? என்னண்ணா இருக்கு அதுல?" என்றாய்.

எடுத்துக் கொடுத்தேன். விடைத்தாள் திருத்துவதுபோல் மேலிருந்து கீழாகப் படித்தாய். ஒரு இடத்தில் விரல் நின்றது. பதினாறு என்ற எண்ணாக இருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் வலது செருப்பின் நுனி தேய்ந்து போயிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் உள்ள குடுக்கலை?"

"அத்தான் இருந்தார்."

"அத்தான் இருந்தா தெர்மாமீட்டர் வேற காட்டுமா?"

தடியை ஊன்றி எழுந்தாய். வாசலில் நின்ற உதவியாளர், "உங்க டோக்கன் முடிஞ்சுதும்மா" என்றார். "எனக்கு இன்னும் முடியலப்பா" என்று சொல்லிக் கதவைத் தள்ளினாய். நான் பின்னால் வந்தேன். வேறொரு நோயாளி உள்ளே இருந்தார். அவரிடம் ஒரு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு, தாளை மருத்துவரின் முன்னால் வைத்தாய்.

"சார், ஒரு திருத்தம். ஊசி ஃபெயில் ஆகலை. அது பரீட்சையே எழுதலை. ஆப்சென்ட்."

அவர் படித்தார். அன்றுதான் முதல் முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கெமிஸ்ட்ரில இருந்தவர்னு சொன்னீங்க இல்லை? இது தெரியாதா உங்களுக்கு? அஞ்சு நிமிஷம் முன்னாடி இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

அவர் கையிலிருந்த தாளை நான் விரலால் காட்டினேன்.

"அவருக்கு எழுதத்தான் வரும் சார்" என்றாய். "நீங்க இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது, மருந்தை வீட்ல எங்க வைக்கறீங்கன்னு எங்களைக் கேட்டீங்களா?"

 அந்த அறிவாளி எக்கோ சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதே ஊசியை ஒழுங்காக வைத்து ஆறு மாதம் பார்ப்போம், அதற்குள் மறுபடி வந்தால் மாற்றலாம் என்றார். நீ முதலில் வெளியே போனாய். நான் நின்று, "சார், அந்தக் கால்..." என்றேன். இந்தத் தடவை அவர் குரலில் சூடு இல்லை. "சொல்ல முடியாது. நல்ல ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்."

ஆறு மாதத்தில் அட்டாக் வரவில்லை. ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் லேசாக. நாம் புதிய குளிர்பதனப் பெட்டி வாங்கினோம். மருந்தை நடுத்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தோம். தெர்மாமீட்டரும் அதே டப்பாவுக்குள். வலது பாதம் மட்டும் கடைசிவரை உரசிக்கொண்டே இருந்தது. அந்தப் பாதத்தோடு நான்கு பன்னிரண்டாம் வகுப்புகளை நீ மாடியில் முடித்தாய். ஐந்தாவது வருடம் பிள்ளைகளே தலைமையாசிரியையிடம் போய், வகுப்பைக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு வகுப்பின் பெயர்ப்பலகையை மாடியிலிருந்து கீழே மாற்றி மாட்ட அந்த நிர்வாகத்துக்கு அத்தனை வருடம் தேவைப்பட்டது.

நிமோனியா வந்து நீ போனபோது, அடக்கம் முடிந்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அத்தான் காபியை ஆற்றிக்கொண்டு, சபைப் போதகரிடம், "அந்த ஊசிதாங்க எதிர்ப்புச் சக்தியைத் தின்னுடுச்சு. அப்பவே சொன்னேன், யார் கேட்டா?" என்றார். போதகர் தலையசைத்தார். நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பதினாறு ஊசி என் தப்பு அத்தான்" என்றேன். "மத்த ஊசியெல்லாம் அவ மாடி ஏறின நாளு."

என் குரல் பாதிப்பேருக்குக் கேட்டிருக்காது. அத்தானுக்குக் கேட்டது. "மச்சானுக்கு மனசு சரியில்லை" என்று போதகரிடம் விளக்கம் சொன்னார். பொறியாளர் அல்லவா, எதற்கும் விளக்கம் வைத்திருப்பார். அவர் இன்னும் கேளம்பாக்கத்தில் நலமாக இருக்கிறார். யாருக்கோ பச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருப்பார். தான் செய்தது சரி என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வராத மனிதர்களை எனக்குப் பிடிக்காது. என்னையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டும் ஒரே அளவு அல்ல என்று இப்போது சில நாட்களில் தோன்றுகிறது.

அந்த மருத்துவர் இப்போது புதிதாக ஊசி தொடங்குகிறவர்களிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே தொடங்கினார். அவர்கள் கூப்பிட்டதும், வணக்கம் சொல்லி, "நான் என் தங்கைக்குப் பதினாறு ஊசியை உறைய வைத்துப் போட்டவன்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். சிலர் வைத்துவிடுகிறார்கள். வைக்காதவர்களுக்கு எங்கே அளப்பது, எங்கே வைப்பது, எந்த வரியை இரண்டு முறை படிப்பது என்று சொல்கிறேன். போன வாரம் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், கணவனுக்கு இந்த நோய். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள், கடைசியில் தயங்கி, "அப்புறம் உங்க தங்கச்சி உங்களை என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை திரும்பும் ரயிலைப் பற்றி அவளிடம் சொன்னேன். அத்தான் தன் காரில் போய்விட்டார்; புதிய மருந்துப் பெட்டி என் மடியில் இருந்தது. பல்லாவரம் தாண்டும்வரை நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். இனிமேல் பழைய செவிலியையே வரச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். என்னிடம் ஊசியை இனி கொடுக்க வேண்டாம் என்றேன். நீ திரும்பவில்லை.

"புதுசா ஒரு ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுக்க எனக்குத் தெம்பில்லை" என்றாய். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எந்தத் தொடை, இடதா வலதா?"

அது மன்னிப்பா, சலிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. அன்று ரயிலில் நான் இடது என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். தாம்பரம் வந்தது, இறங்கினோம்.